சோடியத்தின் 2, 8, 1: எலக்ட்ரான்களை எண்ணியது எப்படி?

சோடியம் அணுவில் எலக்ட்ரான்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று கேட்டால், வேதியியல் படிக்கத் தொடங்கிய எந்த மாணவரும் 2, 8, 1 என்று சொல்லிவிடுவார். மூன்று வட்டங்களை வரைந்து அவற்றின் மேல் பதினொரு புள்ளிகளை வைத்துவிட்டால் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த எண்களை யார், எப்படி எண்ணினார்கள் என்ற கேள்வி வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. எலக்ட்ரான்களை அப்படிப் புள்ளிகளாக எந்த நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது. அப்படியிருக்க, அந்த அமைப்பு 3, 7, 1 ஆகவோ 5, 5, 1 ஆகவோ இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அணு அமைப்புப் பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இதற்கான விடை ஏதோ ஒரு விதியில் இல்லை. சோதனைச்சாலையில் அளந்தறிந்த எண்களில் இருக்கிறது.

வாயு நிலையிலுள்ள ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை முற்றிலுமாக நீக்குவதற்குத் தேவைப்படும் ஆற்றலை அயனியாக்கும் ஆற்றல் என்கிறோம். முதல் எலக்ட்ரானை நீக்கிய பிறகு இரண்டாவதையும், அதன் பிறகு மூன்றாவதையும் நீக்க ஆகும் ஆற்றலையும் இதே போல் அளவிட முடியும். சோடியத்தின் முதல் எலக்ட்ரானை நீக்க ஒரு மோலுக்கு, அதாவது ஏறத்தாழ 6 × 10²³ அணுக்களுக்கு, 496 கிலோஜூல் போதும். இரண்டாவது எலக்ட்ரானுக்கு 4,562 கிலோஜூல் வேண்டும். மூன்றாவதற்கு 6,910, நான்காவதற்கு 9,543 என்று மதிப்பு படிப்படியாக ஏறி, ஒன்பதாவது எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 28,900 கிலோஜூலை அடைகிறது. பத்தாவது எலக்ட்ரானில் அது ஏறத்தாழ 1,41,000 கிலோஜூலுக்குத் தாவிவிடுகிறது. கடைசி எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 1,59,000.

ஒவ்வோர் எலக்ட்ரானாக நீக்க நீக்க ஆற்றல் கூடுவதில் வியப்பில்லை. எஞ்சியிருக்கும் அயனியின் நேர்மின்சுமை ஒவ்வொரு முறையும் கூடுவதால், அடுத்த எலக்ட்ரானை அதனிடமிருந்து பிரிப்பது மேலும் கடினமாகிறது. கவனிக்க வேண்டியவை அந்தப் படிப்படியான ஏற்றத்தின் நடுவே வரும் இரண்டு பெரிய தாவல்கள். முதல் எலக்ட்ரானுக்கும் இரண்டாவதற்கும் இடையே மதிப்பு ஒன்பது மடங்காகிறது. ஒன்பதாவதற்கும் பத்தாவதற்கும் இடையே ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது. எனவே எளிதில் பிரியும் எலக்ட்ரான் ஒன்று, அதைவிட வலுவாகப் பிணைக்கப்பட்டவை எட்டு, மிக மிக வலுவாகப் பிணைக்கப்பட்டவை இரண்டு. வெளியிலிருந்து உள்நோக்கி 1, 8, 2. அதையே நாம் உள்ளிருந்து வெளிநோக்கி 2, 8, 1 என்று எழுதுகிறோம். மெக்னீசியத்தில் 738, 1,451 என்று வந்த மதிப்பு மூன்றாவது எலக்ட்ரானில் 7,733-க்குத் தாவுகிறது. அலுமினியத்தில் இந்தத் தாவல் மூன்று எலக்ட்ரான்களை நீக்கிய பிறகே வருகிறது. இந்த எண்களைப் பலகையில் எழுதி, எந்த அணுவின் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன என்று மாணவர்களையே சொல்ல வைத்தால், கூடு என்பது முதன்மையாக ஓர் ஆற்றல் மட்டத்தின் பெயர் என்பதும், வட்டம் அதைக் காட்ட நாம் வரையும் குறியீடு மட்டுமே என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

சூரியக் குடும்பப் படத்தில் உள்ள பிழை

எலக்ட்ரானை 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எதிர்மின்வாய்க் கதிர்களை ஆராய்ந்தபோது கண்டறிந்தார். புரோட்டானின் நிறையில் 1,836-இல் ஒரு பங்கே கொண்ட, எதிர்மின்சுமையுடைய துகள் அது. கெய்கரும் மார்ஸ்டனும் மெல்லிய பொற்தகட்டின் மீது ஆல்பா துகள்களைச் செலுத்தி நடத்திய சோதனையின் முடிவுகளை வைத்து, அணுவின் நேர்மின்சுமை முழுவதும், நிறையில் ஏறத்தாழ முழுவதும், மிகச் சிறிய ஒரு கருவில் குவிந்திருக்கின்றன என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு காட்டினார். அணுவின் விட்டம் 10⁻¹⁰ மீட்டர் அளவில் இருக்க, கருவின் விட்டம் 10⁻¹⁵ முதல் 10⁻¹⁴ மீட்டர் வரையில்தான் இருக்கிறது. கருவை ஒரு சென்டிமீட்டர் உருண்டையாகக் கொண்டால் அணு சில நூறு மீட்டர் அகலத்திற்குப் பரந்திருக்கும். அளவு மாறாமல் அணுவின் படத்தை எந்தப் புத்தகத்திலும் அச்சிட முடியாது என்பதை மாணவர்களுக்கு ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும்.

அளவைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று உண்டு. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள், சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல, வட்டப்பாதைகளில் ஓடுவதாக நாம் படம் வரைகிறோம். மின்சுமை பெற்ற ஒரு துகள் தன் திசையை மாற்றிக்கொண்டே செல்லுமானால், அது மின்காந்த அலைகளை வெளியிட்டு ஆற்றலை இழக்க வேண்டும் என்பது பழைய இயற்பியலின் உறுதியான முடிவு. அந்தக் கணக்குப்படி, ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் சுருண்டு சுருண்டு கருவுக்குள் விழுவதற்கு ஒரு நொடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. கோள்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அணுக்கள் அப்படிச் சரிந்துவிடவில்லை என்பதே, எலக்ட்ரான் கோளைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதற்கான முதல் சான்று.

இரண்டாவது சான்று ஒளியிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைச் செலுத்தி, வெளிவரும் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பார்த்தால், வானவில்லைப் போன்ற தொடர்ச்சியான நிறங்கள் தெரிவதில்லை. 656 நானோமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு, 486-இல் நீலப்பச்சையாய் ஒன்று, 434-இலும் 410-இலும் ஊதாவை நோக்கி இரண்டு என்று தனித்தனிக் கோடுகளே தெரிகின்றன. இந்த எண்களெல்லாம் ஒரே எளிய சமன்பாட்டுக்குள் அடங்குகின்றன என்று 1885-இல் கண்டுபிடித்தவர் யோகான் பால்மர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கற்பித்துவந்த ஆசிரியர் அவர். ஏன் அடங்குகின்றன என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1913-இல் நீல்ஸ் போர், எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல்கள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன என்றும், ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டுக்குமான வேறுபாடே ஒளியாக வெளிவருகிறது என்றும் கூறி அதற்கு விளக்கம் தந்தார்.

இதை நம்பச் சொல்வதைவிடக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வது மேல். ஹைட்ரஜனின் மட்டங்களின் ஆற்றலைக் காண, 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை (ஒற்றை எலக்ட்ரானின் ஆற்றலைச் சொல்லப் பயன்படும் மிகச் சிறிய அலகு இது) மட்ட எண்ணின் வர்க்கத்தால் வகுத்து, எதிர்க்குறி இட வேண்டும். கருவிலிருந்து முற்றிலும் விடுபட்ட எலக்ட்ரானின் ஆற்றலைச் சுழி என்று கொள்வதால், பிணைக்கப்பட்ட எலக்ட்ரானின் ஆற்றல் சுழிக்குக் கீழே செல்கிறது. எதிர்க்குறிக்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. முதல் மட்டம் −13.6, இரண்டாவது −3.40, மூன்றாவது −1.51, நான்காவது −0.85. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் வேறுபாடு 1.89. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் பெற 1,240-ஐ இந்த வேறுபாட்டால் வகுத்தால் 656 கிடைக்கிறது. அதுவே சிவப்புக் கோடு. நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் வேறுபாடு 2.55, அலைநீளம் 486. கையால் போடக்கூடிய இரண்டு வகுத்தல்கள் கண்ணால் காணக்கூடிய இரண்டு நிறங்களில் போய் நிற்பதைப் போன்ற இடம் பள்ளி வேதியியலில் அதிகம் இல்லை. இங்கே ஒரு வகுப்பு நேரம் கூடுதலாகச் செலவானாலும் தவறில்லை. மேலும், 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை மோல் கணக்குக்கு மாற்றினால் 1,312 கிலோஜூல் வருகிறது. ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றலாக அட்டவணைகளில் இருக்கும் எண்ணும் இதுவே. ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களும் எலக்ட்ரானைப் பிடுங்கிப் பார்த்தவர்களும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

போரின் கொள்கை ஹைட்ரஜனுக்கும், ஒற்றை எலக்ட்ரான் மட்டுமே கொண்ட அயனிகளுக்கும் பொருந்தியது. இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்தின் நிறமாலையை அதனால் விளக்க முடியவில்லை. அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் என்ற கருத்து நிலைத்தது. அனுமதிக்கப்பட்ட வட்டப்பாதைகள் என்ற கருத்து நிலைக்கவில்லை. பாடநூல்களில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாததால்தான், ஆர்பிட்டால் என்ற சொல் வந்ததும் மாணவர்கள் அதையும் ஏதோ ஒரு பாதை என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

அலையாகப் பரவிய எலக்ட்ரான்

எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கும் அலைப்பண்பு உண்டு என்று 1924-இல் டி பிராய் கூறினார். 1927-இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும், பிரிட்டனில் ஜி. பி. தாம்சனும் எலக்ட்ரான் கற்றை படிகங்களில் பட்டு, ஒளி அலையைப் போலவே விளிம்பு விளைவு காட்டுவதைச் சோதனையில் கண்டனர். இந்த ஜி. பி. தாம்சன், எலக்ட்ரானைத் துகளாகக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனின் மகன். தந்தை 1906-இலும் மகன் 1937-இலும் நோபல் பரிசு பெற்றனர். துகள் என்று காட்டிய தந்தையும் அலை என்று காட்டிய மகனும் இருவருமே தவறு செய்யவில்லை.

அலை என்று கொண்டால், ஆற்றல் மட்டங்கள் ஏன் தனித்தனியாக உள்ளன என்பது விளங்கத் தொடங்குகிறது. இரு முனைகளிலும் இறுகக் கட்டப்பட்ட ஒரு தந்தியை மீட்டினால், அது எல்லா விதமாகவும் அதிர்வதில்லை. முனைகள் அசையாமல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டால், தந்தியின் நீளத்திற்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் பொருந்தும் அதிர்வுகள் மட்டுமே நிலைக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களை அங்கே யாரும் வெளியிலிருந்து விதிக்கவில்லை. அலையை ஓரிடத்தில் அடைத்ததால் அவை தாமே தோன்றின. எலக்ட்ரானின் அலையைக் கருவின் ஈர்ப்பு ஓரிடத்தில் அடைத்து வைத்திருக்கிறது. தந்தி ஒரே நீளவாட்டில் அமைந்திருப்பதால் அதன் அதிர்வைக் குறிக்க ஓர் எண் போதும். அணு முப்பரிமாணத்தில் இருப்பதால் மூன்று எண்கள் வேண்டியிருக்கின்றன. 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டைத் தீர்க்கும்போது வெளிப்படும் அந்த மூன்று எண்களே முதன்மை, கோண உந்த, காந்த குவாண்டம் எண்கள்.

எலக்ட்ரான் ஏன் கருவுக்குள் விழுந்துவிடவில்லை என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அலையை எவ்வளவு சிறிய இடத்தில் நெருக்குகிறோமோ, அதன் அலைநீளம் அவ்வளவு குறைகிறது. அலைநீளம் குறைந்தால் உந்தமும், அதனால் இயக்க ஆற்றலும் கூடுகின்றன. அடைபட்ட இடத்தின் ஆரம் பாதியானால் கருவின் ஈர்ப்பால் கிடைக்கும் ஆற்றல் ஆதாயம் இரண்டு மடங்காகிறது. ஆனால் நெருக்கத்தால் ஏற்படும் இயக்க ஆற்றல் செலவு நான்கு மடங்காகிறது. எனவே ஓர் அளவுக்கு மேல் எலக்ட்ரானைக் கருவை நோக்கி நெருக்குவது நட்டத்தில்தான் முடியும். வரவும் செலவும் சேர்ந்து மொத்த ஆற்றலை மிகக் குறைவாக்கும் ஆரம் ஹைட்ரஜனுக்கு 52.9 பிக்கோமீட்டர். அணுவுக்கு ஓர் அளவு இருப்பதற்கும், பொருள்கள் சுருங்கி மறையாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்கும் இதுவே அடிப்படை. எலக்ட்ரான் வேகமாகச் சுற்றுவதால் மையவிலக்கு விசை அதைக் காப்பாற்றுகிறது என்ற விளக்கத்தை இன்னும் சில வகுப்புகளில் கேட்க முடிகிறது. அதை விட்டுவிடுவது நல்லது.

ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் செல்லும் பாதை அன்று. ஓர் எலக்ட்ரான் அலையின் வடிவம் அது. அந்த அலையின் வீச்சை வர்க்கப்படுத்தினால், எந்த இடத்தில் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு எவ்வளவு என்பது கிடைக்கிறது என்று 1926-இல் மாக்ஸ் போர்ன் விளக்கினார். பெயர் ஒலிப்பில் ஒத்திருந்தாலும் இவர் வேறு, நீல்ஸ் போர் வேறு. கருவிலிருந்து எவ்வளவு தொலைவு விலகிச் சென்றாலும் அந்த வாய்ப்பு முற்றிலும் முடிந்துவிடுவதில்லை என்பதால், எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பில் 90 விழுக்காட்டை உள்ளடக்கும் எல்லையை வரைந்து, அதையே ஆர்பிட்டாலின் வடிவம் என்று படங்களில் காட்டுகிறார்கள். எஸ் ஆர்பிட்டால் கோள வடிவம்; பி ஆர்பிட்டால் இருபுறமும் புடைத்து நடுவில் ஒடுங்கிய டம்பெல் வடிவம்.

இங்கே மாணவர்களைத் தவறாமல் குழப்பும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜனின் 1எஸ் ஆர்பிட்டாலில் எலக்ட்ரான் அடர்த்தி மிக அதிகமாக இருக்கும் இடம் கருவே என்று ஒரு பக்கத்தில் வாசிக்கிறோம். எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு கருவிலிருந்து 52.9 பிக்கோமீட்டர் தொலைவில்தான் மிக அதிகம் என்று அடுத்த பக்கத்தில் வாசிக்கிறோம். இரண்டும் சரியே. பூக்கள் உதிர்ந்து கிடக்கும் ஒரு மரத்தடியை எண்ணிப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டிப் பூக்கள் நெருக்கமாகவும், விலக விலக அரிதாகவும் கிடக்கின்றன. ஒரு சாண் அகலமுள்ள வளையங்களாகத் தரையைப் பிரித்து ஒவ்வொரு வளையத்திலும் உள்ள பூக்களை எண்ணினால், அடிமரத்தை ஒட்டிய முதல் வளையத்தில் எண்ணிக்கை அதிகமாக இராது. அங்கே நெருக்கம் அதிகம், ஆனால் வளையத்தின் பரப்பு மிகக் குறைவு. சற்றுத் தள்ளியுள்ள ஏதோ ஒரு வளையத்தில் எண்ணிக்கை உச்சத்தை அடைந்து பிறகு குறையும். ஒரு சாண் நிலத்தில் எத்தனை பூக்கள் என்பது அடர்த்தி. ஒரு வளையம் முழுவதிலும் எத்தனை என்பது அந்தத் தொலைவில் காணும் வாய்ப்பு. முதலாவது கருவில் உச்சம் பெறுகிறது, இரண்டாவது 52.9 பிக்கோமீட்டரில்.

அறிவுக்கூர்மையுள்ள ஒரு மாணவர் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி பி ஆர்பிட்டாலைப் பற்றியதாக இருக்கும். நடுவே உள்ள கணுத்தளத்தில், அதாவது அலையின் வீச்சு சுழியாகும் தளத்தில், எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு சுழி என்றால், ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு அது எப்படிக் கடந்து செல்கிறது? எலக்ட்ரானை மீண்டும் ஓடும் புள்ளியாக எண்ணியதால் எழுந்த கேள்வி இது. இரண்டாம் அதிர்வில் உள்ள தந்தியின் நடுப்புள்ளி அசைவதே இல்லை. ஆயினும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே அதிர்வாக அதிர்கின்றன. அந்த அதிர்வு நடுப்புள்ளியைக் கடந்து போவதில்லை. அது ஏற்கெனவே இரு பக்கங்களிலும் இருக்கிறது.

எண்ணிக்கைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒரு துணைக்கூட்டில் எஸ் என்றால் ஒரே ஆர்பிட்டால், பி என்றால் மூன்று, டி என்றால் ஐந்து, எஃப் என்றால் ஏழு. முதல் கூட்டில் எஸ் மட்டும், இரண்டாவதில் எஸ், பி, மூன்றாவதில் எஸ், பி, டி என்று அமைவதால், ஒரு கூட்டிலுள்ள மொத்த ஆர்பிட்டால்கள் கூட்டு எண்ணின் வர்க்கத்திற்குச் சமம்: 1, 4, 9, 16. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்ற நான்காவது பண்பும் உண்டு. பெயர் அப்படி இருந்தாலும், பம்பரம் போல அது சுழல்வதாக எண்ணக் கூடாது. அந்தப் பண்புக்கு இரண்டே மதிப்புகள். நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் இருக்க முடியாது என்ற பௌலியின் 1925-ஆம் ஆண்டுத் தத்துவப்படி, ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18, 32 ஆவது இதனால்தான். சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல்களில் கண்ட 2-உம் 8-உம் இங்கே வேறொரு வழியில் வந்து சேர்கின்றன.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மறைக்கும்போது

ஒற்றை எலக்ட்ரான் மட்டுமே உள்ள ஹைட்ரஜனில் 2எஸ், 2பி இரண்டும் ஒரே ஆற்றல் உடையவை. இரண்டாவது எலக்ட்ரான் வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. ஹீலியத்தின் கருவில் இரண்டு புரோட்டான்கள் உள்ளன. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்காமல் இருந்தால், ஒவ்வொன்றையும் நீக்க 1,312-ஐப் போல நான்கு மடங்கு, அதாவது 5,248 கிலோஜூல் தேவைப்படும். உண்மையில் முதல் எலக்ட்ரான் 2,372 கிலோஜூலிலேயே வெளிவந்துவிடுகிறது. இரண்டாவதற்கு 5,250 வேண்டும். விலக்குவதற்கு வேறு எலக்ட்ரான் இல்லாததால் கணக்கு அங்கே ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது.

லித்தியத்தில் இன்னும் தெளிவான ஒன்று தெரிகிறது. கருவின் மின்சுமை 3; உள்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள்; மூன்றாவது எலக்ட்ரான் இரண்டாம் கூட்டில். உள்ளே இருக்கும் இரண்டும் கருவை முழுமையாக மறைத்தால், வெளியே இருப்பது 1 என்ற மின்சுமையை மட்டுமே உணரும். அதன் அயனியாக்கும் ஆற்றல் ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டத்தைப் போல 1,312-இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 328 ஆக இருக்க வேண்டும். அளந்த மதிப்பு 520. எனவே மறைப்பு முழுமையாக இல்லை; அந்த எலக்ட்ரான் உணரும் நிகர மின்சுமை ஏறத்தாழ 1.26. இதற்குக் காரணம், 2எஸ் அலையின் ஒரு சிறு பகுதி உள்கூட்டைத் தாண்டிக் கருவின் அருகிலும் பரவியிருப்பது. இதை ஊடுருவல் என்கிறோம். 2பி அலைக்குக் கருவின் இடத்திலேயே கணு இருப்பதால் அது அந்த அளவுக்கு ஊடுருவுவதில்லை. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் கொண்ட அணுக்களில் 2பி சற்று உயர்ந்த ஆற்றலில் நிற்கிறது. எஸ், பி, டி, எஃப் என்ற வரிசையில் ஆற்றல் ஏறுவதற்கு இதற்கு மேல் தனி விதி எதுவும் தேவையில்லை.

இதைச் சரிபார்க்க இரண்டாம் தொடரின் முதல் அயனியாக்கும் ஆற்றல்களை வரிசையாகப் பார்க்கலாம்: லித்தியம் 520, பெரிலியம் 900, போரான் 801, கார்பன் 1,086, நைட்ரஜன் 1,402, ஆக்சிஜன் 1,314, ஃபுளூரின் 1,681, நியான் 2,081. கருவின் மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுவதால் பொதுவாக மதிப்பு ஏறுகிறது. ஆனால் இரண்டு இடங்களில் இறங்குகிறது. போரானில் புதிதாக வரும் எலக்ட்ரான் 2எஸ்-ஐவிட உயர்ந்த 2பி-யில் இருப்பதால் எளிதில் பிரிகிறது. நைட்ரஜனில் மூன்று 2பி எலக்ட்ரான்களும் மூன்று ஆர்பிட்டால்களில் தனித்தனியாக இருக்கின்றன. நான்காவது எலக்ட்ரான் ஆக்சிஜனில் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலில்தான் இணைய வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் நெருங்கிய இரண்டும் ஒன்றையொன்று கூடுதலாக விலக்குவதால், அவற்றில் ஒன்றை நீக்குவது எளிதாகிறது. இணை சேர்வதற்கு முன் தனித்தனியாக நிரம்பும் என்ற ஹூண்ட் விதியை மனப்பாடம் செய்யும் முன் இந்த இரண்டு சரிவுகளையும் ஒரு வரைபடத்தில் மாணவர்கள் தாமே புள்ளியிட்டுப் பார்த்தால், விதி பிறகு மறப்பதில்லை.

மூன்றாம் கூட்டின் கொள்ளளவு 18 என்று சொல்லிவிட்டு, பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 என்று எழுதச் சொல்வது முரண்பாடு போலத் தெரியும். ஆர்கானின் 1,521-க்குப் பிறகு பொட்டாசியத்தில் மதிப்பு 419-க்குச் சரிவது, புதிய எலக்ட்ரான் நான்காம் கூட்டில்தான் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 3டி அலை கருவின் அருகே செல்வதே இல்லை என்னும் அளவுக்கு ஒதுங்கியிருப்பதால், பொட்டாசியத்தில் ஊடுருவும் 4எஸ் அதைவிடத் தாழ்ந்த ஆற்றலைப் பெறுகிறது.

ஆனால் 4எஸ் எப்போதும் 3டி-யைவிடத் தாழ்ந்தது என்று இதிலிருந்து முடிவு செய்தால் தவறாகிவிடும். ஸ்காண்டியத்தின் வெளிப்புற அமைப்பு 3டி¹ 4எஸ்², அதாவது 3டி-யில் ஒன்றும் 4எஸ்-இல் இரண்டும். அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை நீக்கினால், எஞ்சும் அயனியின் அமைப்பு 3டி¹. போனவை இரண்டும் 4எஸ் எலக்ட்ரான்களே. ஸ்காண்டியத்திலிருந்து 3டி தாழ்ந்துவிடுகிறது. ஆயினும் அது இறுக்கமான சிறிய ஆர்பிட்டால் என்பதால் அங்கே எலக்ட்ரான்களைச் சேர்த்தால் விலக்கம் மிகுகிறது, சிலவற்றை அகன்ற 4எஸ்-இல் வைப்பதே மொத்த ஆற்றலைக் குறைக்கிறது. எலக்ட்ரான்கள் தாழ்ந்த ஆற்றலிலிருந்து தொடங்கி நிரம்பும் என்ற ஆஃபா தத்துவத்தின் அம்புக்குறிப் படம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்திற்குச் செல்லும்போது அமைப்பு எப்படி மாறுகிறது என்பதை நினைவில் வைக்க உதவும் கருவி. ஒரே அணுவில் எந்த எலக்ட்ரான் முதலில் வெளியேறும் என்று அது சொல்வதில்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அயனியின் (Fe²⁺) அமைப்பை 3டி⁴ 4எஸ்² என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் இந்த வேறுபாட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள். சரியான விடை 3டி⁶. குரோமியத்தின் 3டி⁵ 4எஸ்¹ என்ற அமைப்புக்கு, பாதி நிரம்பிய துணைக்கூடு கூடுதல் நிலைப்புத்தன்மை உடையது என்ற விளக்கம் தரப்படுகிறது. அது ஒரு காரணமே தவிர விதி அன்று: அதே தொகுதியில் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்² என்ற அமைப்பையே கொண்டிருக்கிறது.

சோடியம் ஏன் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது

எட்டு எலக்ட்ரான்களைப் பெற விரும்பியே சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறோம். தொடக்கத்தில் இது வசதியான பேச்சுவழக்கு. அதுவே விளக்கமாக நின்றுவிட்டால் தீங்கு. எந்த அணுவும் தானாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில்லை. சோடியத்திடமிருந்து அதைப் பெற 496 கிலோஜூல் கொடுத்தாக வேண்டும். குளோரின் அணு அதை ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிவருகிறது. ஆக, பரிமாற்றத்தில் மட்டும் 147 கிலோஜூல் நட்டம். திண்ம சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிரித்து ஓர் அணுவைப் பெற 121 என்று மேலும் செலவு கூடி, மொத்தம் 375 ஆகிறது. இவ்வளவையும் ஈடுகட்டுவது, உருவான நேர், எதிர் அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் படிகக்கூடு ஆற்றல். அது 787 கிலோஜூல். நிகரமாக ஏறத்தாழ 411 கிலோஜூல் வெளியேறுவதால் சோடியம் குளோரைடு உருவாகிறது.

இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இரண்டு குளோரின்களுடன் சோடியம் ஏன் சேர்வதில்லை என்பதற்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. மெக்னீசியம் தன் இரண்டு எலக்ட்ரான்களை 738-உம் 1,451-உம் சேர்ந்த 2,189 கிலோஜூலுக்கு விட்டுக்கொடுக்கிறது; மெக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் சுமார் 2,500 கிலோஜூல் என்பதால், குளோரின் அணுக்கள் ஏற்பதில் கிடைக்கும் ஆற்றலும் சேர்ந்து, பிற செலவுகள் போக அங்கே வரவு மிஞ்சுகிறது. சோடியத்துக்கு அதே அளவு படிகக்கூடு ஆற்றல் கிடைப்பதாகக் கொண்டாலும், இரண்டு எலக்ட்ரான்களுக்கான செலவு 496-உம் 4,562-உம் சேர்ந்து 5,058 கிலோஜூல். இரண்டு குளோரின் அணுக்கள் திருப்பித் தருவது 698 மட்டுமே. மீதமுள்ள 4,360 கிலோஜூலை அந்தப் படிகத்தால் ஈடுகட்ட முடியாது. இரண்டாவது எலக்ட்ரான் முதலாவதைவிட ஒன்பது மடங்கு ஆழத்தில், வேறொரு கூட்டில் இருக்கிறது.